‘வெள்ளிக்கிழமை வருகிறேன் அக்கா’: இது அப்பாயின்ட்மென்ட் ஆகுமா?

ஆடி முடிந்து ஆவணி பிறந்த முதல் ஞாயிற்றுக்கிழமை. நங்கநல்லூரில் என் தங்கை நடத்தும் தையலகத்தில் உட்கார்ந்திருந்தேன். மணப்பெண் பிளவுஸ், ஆரி வேலை, சாதா பிளவுஸ் எல்லாம் தைக்கிறாள்; உதவிக்கு இரண்டு பெண்கள். ஆவணிக் கடைசி முகூர்த்தத்துக்கும் ஐப்பசி முகூர்த்தத்துக்கும் விசாரிப்புகள் குவிந்துகொண்டிருந்தன. வாட்ஸ்அப்பில் கொஞ்சம், இன்ஸ்டாகிராமில் கொஞ்சம், ஃபேஸ்புக் படங்களின் கீழே கருத்துகளாகக் கொஞ்சம். “நாளைக்கு யார் யார் வருகிறார்கள்?” என்று கேட்டேன். மிதித்துக்கொண்டிருந்த இயந்திரத்தை நிறுத்திவிட்டு யோசித்தாள். “நிறைய பேர் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்கள் அக்கா. யார், எந்த நேரம் என்றுதான் தெரியவில்லை” என்றாள்.

சிறு தொழில் செய்யும் எத்தனையோ பேரின் நிலைமை இதுதான். கேட்பவர்கள் இருக்கிறார்கள், கைத்திறன் இருக்கிறது, விலையும் நியாயமாக இருக்கிறது. ஆனாலும் கேட்டவர்களில் பாதிப் பேர் கடை வாசலுக்கு வந்து சேர்வதில்லை. நடுவில் எங்கோ நழுவிவிடுகிறார்கள். அந்த ‘எங்கோ’ எது என்பதையும், ஒரு குறுஞ்செய்தி எந்தக் கட்டத்தில் உறுதியான அப்பாயின்ட்மென்டாக மாறுகிறது என்பதையும் இங்கே விளக்க முயல்கிறேன். கணினி அறிவு எதுவும் தேவையில்லை. கையில் ஒரு கைபேசியும் ஒரு நோட்டும் இருந்தால் போதும்.

முதலில் அந்த ஞாயிறு மாலை நாங்கள் இருவரும் பிரித்துப் பார்த்த ஓர் உரையாடலைக் காட்டிவிடுகிறேன். குரோம்பேட்டையிலிருந்து ஒரு பெண். திங்கள் காலை 10.14க்கு எழுதியிருந்தாள்: “அக்கா, ஆரி வேலை பிளவுஸ் எவ்வளவு ஆகும்?” தங்கை பதில் போட்டது பிற்பகல் 2.40க்கு: “2,500 ரூபாயிலிருந்து ஆரம்பம். டிசைனைப் பொறுத்தது.” பன்னிரண்டு நிமிடத்தில் அவளிடமிருந்து அடுத்தது: “சரி அக்கா. நேரில் வந்து புடவையைக் காட்டட்டுமா?” இரவு ஒன்பது மணிக்குத் தங்கை: “வாருங்கள்.” மறுநாள் அவள்: “வெள்ளிக்கிழமை வருகிறேன் அக்கா.” அதற்குத் தங்கை ஒரு கட்டைவிரல் படம் அனுப்பியிருக்கிறாள். அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை காலை தங்கை மணிகளும் ஜரிகையும் வாங்க சௌகார்பேட்டை போய்விட்டாள். வேலைக்குப் போகிற பெண்கள் மாலையில்தான் வருவார்கள் என்பது அவள் கணக்கு. அந்தப் பெண்ணோ அன்று விடுப்பு எடுத்துக்கொண்டு, மின்சார ரயிலில் பழவந்தாங்கலில் இறங்கி, வெயிலில் நடந்து பதினொரு மணிக்கே வந்து நின்றிருக்கிறாள். உரையாடலின் கடைசிச் செய்தி அவள் அனுப்பியது. எழுத்து எதுவும் இல்லை. இழுத்து மூடிய ஷட்டரின் புகைப்படம் மட்டும்.

இதில் யாரும் பொய் சொல்லவில்லை, யாரும் அலட்சியமாகவும் இல்லை. வருகிறேன் என்றவள் வந்தாள். வாருங்கள் என்றவள் அன்று மாலை ஏழு மணிவரை கடையில் காத்திருந்தாள். ஆனால் இருவருக்கும் நடுவே ஒரு நேரம் பேசி முடிக்கப்படவில்லை. விருப்பத்தை ஏற்பாடு என்று இருவருமே எடுத்துக்கொண்டார்கள்.

நம் ஊருக்கு இந்த வேறுபாடு புதியதில்லை. கல்யாணம் பேசும்போது பெண் பார்ப்பது வேறு, தாம்பூலம் மாற்றுவது வேறு என்று எல்லோருக்கும் தெரியும். பெண் பிடித்திருக்கிறது என்று சொன்னதும் மண்டபம் பார்க்க யாரும் ஓடுவதில்லை. நாதஸ்வரக்காரரையும் சமையல்காரரையும் ஏற்பாடு செய்பவர்கள் தேதியைச் சொல்லி, அவர் தம் நோட்டைப் புரட்டி அந்த நாள் காலியாக இருக்கிறதா என்று பார்த்து, கையில் அச்சாரம் வாங்கிக்கொண்ட பிறகுதான் முடிந்தது என்பார்கள். அதற்கு முன்னால் நடப்பதெல்லாம் பேச்சு. கைபேசியில் வரும் விசாரிப்புக்கும் இதே ஒழுங்கு தேவை. செய்தி எத்தனை இனிமையாக இருந்தாலும், தாம்பூலம் மாற்றுகிற அந்த ஒரு கணம் நடக்க வேண்டும்.

அந்தக் கணத்தில் இருக்க வேண்டியவை இவை: ஒரு குறிப்பிட்ட நாளும் நேரமும் எழுத்தில் சொல்லப்பட்டிருக்க வேண்டும். என்ன வேலைக்காக, எந்த இடத்தில் என்பது தெளிவாக இருக்க வேண்டும். எதிரில் இருப்பவர் அந்த நேரத்துக்கே ஆம் என்று பதில் சொல்லியிருக்க வேண்டும். கடைக்காரரின் நோட்டில் அது ஏறியிருக்க வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் கையில் இருப்பது விசாரிப்புதான். அதை அப்பாயின்ட்மென்ட் என்று எண்ணி நாளைத் திட்டமிட்டால் நாள் வீணாகும்.

இனி ஒவ்வொரு கட்டமாகப் போகலாம். விலை கேட்கும் செய்தியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அநேகமாக எல்லாப் பேச்சும் அங்கேதான் தொடங்குகிறது. “எவ்வளவு?” என்று கேட்பவருக்குப் பல கடைகள் “விவரம் தனிச் செய்தியில்” என்றோ “நேரில் வாருங்கள், சொல்கிறோம்” என்றோ பதில் தருகின்றன. இது எனக்குப் பிடிப்பதில்லை. கேட்பவர் தம் பையில் இருக்கும் பணத்துக்குள் இது அடங்குமா என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறார். அதை மறைத்தால் அவர் அடுத்த கடைக்குப் போவார். தொடக்க விலையைச் சொல்லுங்கள், எதனால் விலை ஏறும் என்பதை ஒரு வரியில் சொல்லுங்கள், உடனே ஒரு கேள்வி கேளுங்கள். “ஆரி வேலை 2,500 ரூபாயிலிருந்து. கை நிறைய வேலைப்பாடு வேண்டுமென்றால் கூடும். கல்யாணம் எந்தத் தேதி?” அந்தக் கடைசிக் கேள்விதான் பேச்சை நகர்த்துகிறது. கல்யாணத் தேதி தெரிந்தால் எப்போது அளவு எடுக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். கேள்வி இல்லாமல் முடிகிற பதிலுக்கு ‘சரி அக்கா’ என்பதைத் தவிர வேறு பதில் வராது. அந்தக் குரோம்பேட்டைப் பெண்ணின் உரையாடலிலும் அதுதான் நடந்தது. நேரில் வரட்டுமா என்று அவளே முன்வந்து கேட்டது அவளுடைய ஆர்வம். எல்லோரும் அப்படிக் கேட்க மாட்டார்கள்.

பதில் தாமதமாவதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். துணியை வெட்டிக்கொண்டிருப்பவரும், வாடிக்கையாளரின் முகத்தில் பூச்சு பூசிக்கொண்டிருப்பவரும் கைபேசியை உடனே எடுக்க முடியாது. எடுக்கவும் கூடாது. அதற்காகத்தான் வாட்ஸ்அப் பிசினஸ் என்ற இலவசச் செயலி இருக்கிறது. சிறு வணிகர்களுக்கென்று 2018இல் வந்தது. புதிதாக எழுதுபவருக்குத் தானாகப் போகும் வரவேற்புச் செய்தி, கடை மூடிய நேரத்தில் போகும் செய்தி, அடிக்கடி அனுப்பும் பதில்களைச் சேமித்து வைத்து ஒரு சுருக்கச் சொல்லால் வரவழைக்கும் வசதி, ஒவ்வொரு உரையாடலுக்கும் வண்ண லேபிள் ஒட்டும் வசதி எல்லாம் அதில் உண்டு. இன்ஸ்டாகிராமிலும் தொழில்முறைக் கணக்காக மாற்றிக்கொண்டால் பதில்களைச் சேமித்து வைக்கலாம்.

வரவேற்புச் செய்தியில் வெறும் நன்றி சொல்லி நிறுத்தாதீர்கள். தங்கையின் கடையில் இப்போது போகும் செய்தி: “வணக்கம். தையல் வேலையில் இருக்கிறோம். மதியம் 1 மணிக்கும் மாலை 6 மணிக்கும் செய்திகளைப் பார்ப்போம். என்ன தைக்க வேண்டும், எந்தத் தேதிக்குள் வேண்டும் என்று எழுதி வையுங்கள்.” எப்போது பதில் வரும் என்று தெரிந்துவிட்டால் மனிதர்கள் காத்திருக்கிறார்கள். தெரியாதபோதுதான் நாலு கடைக்கு ஒரே நேரத்தில் எழுதுகிறார்கள். சொன்ன ஒரு மணிக்கும் ஆறு மணிக்கும் பார்த்தே ஆக வேண்டும் என்பது இதில் அடங்கிய கடமை.

இன்ஸ்டாகிராமில் பலர் கவனிக்காத ஒரு மூலை உண்டு. நீங்கள் பின்தொடராத ஒருவர் முதல்முறை எழுதினால் அந்தச் செய்தி வழக்கமான பெட்டியில் விழாமல், கோரிக்கைகள் என்ற தனிப் பகுதியில் போய் உட்கார்ந்துவிடலாம். புது வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் நாம் பின்தொடராதவர்கள்தானே! தங்கையின் கணக்கில் அந்தப் பகுதியைத் திறந்தபோது மே மாதம் எழுதிய ஒரு மணப்பெண்ணின் செய்தி அப்படியே இருந்தது. அவள் கல்யாணம் ஜூனிலேயே முடிந்துவிட்டது. தினம் ஒருமுறை அந்தப் பகுதியைத் திறந்து பார்ப்பதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

மூன்று இடத்தில் பேசினால் மூன்று இடத்திலும் மறந்துபோகும். விசாரிப்பு எங்கே தொடங்கினாலும் நேரம் குறிக்கும் பேச்சை ஒரே இடத்துக்குக் கொண்டுவந்துவிடுவது நல்லது. நம் ஊரில் அது வாட்ஸ்அப்பாக இருப்பதே இயல்பு. செயலியிலேயே உங்கள் எண்ணுக்கான குறு இணைப்பு கிடைக்கும். இன்ஸ்டாகிராம் அறிமுகப் பகுதியிலும் ஃபேஸ்புக் பக்கத்திலும் அதை வைத்துவிட்டால், தொட்டவுடன் உங்கள் உரையாடல் திறக்கும். ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் வரும் செய்திகளை ஒரே பெட்டியில் பார்க்க மெட்டா பிசினஸ் சூட் என்ற இலவச வசதி இருக்கிறது. அந்த இரண்டிலும் கூட்டம் அதிகமுள்ளவர்களுக்கு அது உதவும். மற்றவர்களுக்கு வாட்ஸ்அப் போதும்.

இப்போது இந்தக் கட்டுரையின் நடுநாயகமான விஷயத்துக்கு வருகிறேன்: நேரம் கொடுப்பது.

“எப்போது வரலாம்?” என்று வாடிக்கையாளர் கேட்டால், “உங்களுக்கு வசதியான நேரத்தில் வாருங்கள்” என்கிறோம். மரியாதையான பதில்தான். ஆனால் அது முடிவு செய்யும் பாரத்தை அவர் தலையில் இறக்கிவைக்கிறது. எந்த நேரம் கடையில் கூட்டம் இருக்காது, எந்த நேரம் நாம் இருப்போம் என்பது அவருக்குத் தெரியாது. யோசித்துச் சொல்லலாம் என்று வைத்துவிடுவார், பிறகு மறந்துவிடுவார். அதற்குப் பதிலாக இரண்டு நேரம் கொடுங்கள்: “செவ்வாய் காலை 11 மணிக்கு வர முடியுமா, வியாழன் மாலை 5 மணிக்கு வர முடியுமா?” இரண்டில் ஒன்றைத் தேர்வது யாருக்கும் எளிது. இரண்டும் ஒத்துவராவிட்டால் அவரே மூன்றாவதைச் சொல்வார். எப்படியும் பேச்சு ஒரு நேரத்தை நோக்கித் திரும்பிவிடும்.

இரண்டு நேரம் கொடுக்க வேண்டுமென்றால் உங்கள் நேரம் எது என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நாங்கள் அன்று ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டோம். மணப்பெண் பிளவுஸுக்கு அளவெடுத்து, டிசைன் பேசி முடிக்க முக்கால் மணி நேரம். சாதா பிளவுஸுக்குக் கால் மணி. தைத்ததைப் போட்டுப் பார்க்க இருபது நிமிடம். இரண்டு பேருக்கு நடுவில் கால் மணி இடைவெளி இருந்தால்தான் ஒருவர் தாமதமாக வந்தாலும் அடுத்தவர் காத்திருக்க வேண்டியதில்லை. இப்படிப் பார்த்தால் ஒரு நாளில் மணப்பெண் அளவு நான்குக்கு மேல் எடுக்க முடியாது என்று தெரிந்தது. கடை நடத்தத் தொடங்கி ஆறு வருடத்தில் அந்த எண்ணை அவள் அன்றுதான் முதல்முறை எழுதிப் பார்த்தாள். சௌகார்பேட்டைக்குப் போக புதன்கிழமை காலை என்று ஒதுக்கினாள். அந்த நேரத்தை யாருக்கும் கொடுப்பதில்லை.

இதில் நாங்கள் ஒரு பாடமும் கற்றோம். இரண்டு நேரம் கொடுக்கும் முறையை ஆரம்பித்த வாரத்தில் ஒரு மணப்பெண்ணின் தாயாருக்கு “வெள்ளி காலை 11 மணி, அல்லது சனி காலை 10 மணி” என்று எழுதினாள் தங்கை. நாள் முழுக்கப் பதில் இல்லை. விலை பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தோம். இரவு அந்த அம்மாவே கூப்பிட்டார். “இரண்டுமே ராகு காலம் அம்மா. கல்யாணப் புடவையை அந்த நேரத்தில் எடுத்துக்கொண்டு எப்படி வருவது?” என்றார். உண்மைதான். வெள்ளி பத்தரை முதல் பன்னிரண்டு, சனி ஒன்பது முதல் பத்தரை. நம்பிக்கை உள்ளவர், இல்லாதவர் என்று விவாதிக்க இது இடமில்லை. மங்கல காரியத்துக்கான வேலையை நாம் செய்கிறோம். வருபவரின் மனம் நிறைவாக இருக்க வேண்டும். ஏழு நாளின் ராகு காலத்தையும் இப்போது நோட்டின் உள் அட்டையில் எழுதி ஒட்டியிருக்கிறாள். மணப்பெண் வீட்டாருக்கு அந்த நேரங்களைக் கொடுப்பதில்லை. ஆல்டரேஷனுக்கு வருபவர்களுக்கு அந்த நேரம் போகிறது.

நேரத்தை எழுதும் முறையிலும் கவனம் வேண்டும். ‘நாளைக்கு’ என்று நள்ளிரவு தாண்டி எழுதினால் அது எந்த நாள்? ‘அடுத்த வெள்ளி’ என்று புதன்கிழமை சொன்னால் ஒருவருக்கு அது நாளை மறுநாள், இன்னொருவருக்கு அதற்கடுத்த வாரம். ‘சாயங்காலம்’ என்பது பள்ளியில் வேலை செய்பவருக்கு நான்கு மணி, பழைய மாமல்லபுரம் சாலையில் உள்ள கணினி நிறுவனத்தில் வேலை செய்பவருக்கு எட்டு மணி. எனவே தேதி, கிழமை, காலையா மாலையா, மணி ஆகிய நான்கையும் சேர்த்தே எழுதுங்கள். கிழமையும் தேதியும் சேர்ந்திருந்தால் ஒன்றில் பிழை இருந்தாலும் மற்றது காட்டிக்கொடுத்துவிடும்.

வாடிக்கையாளர் ஒரு நேரத்தைத் தேர்ந்ததும் உறுதிச் செய்தி போக வேண்டும். தங்கை அனுப்பும் செய்தியை அப்படியே தருகிறேன்:

“வணக்கம். மணப்பெண் பிளவுஸுக்கு அளவு கொடுக்க நீங்கள் வரும் நேரம்: ஆகஸ்ட் 22, வெள்ளிக்கிழமை, மாலை 5 மணி. முக்கால் மணி நேரம் ஆகும். புடவை, அதனுடன் வந்த பிளவுஸ் துணி, உங்களுக்கு நன்றாகப் பொருந்தும் பழைய பிளவுஸ் ஒன்று மூன்றையும் கொண்டுவாருங்கள். முன்பணம் 1,000 ரூபாய். தையல் கூலியில் கழித்துக்கொள்வோம். நேரம் மாற்ற வேண்டுமென்றால் முந்தின நாள் இரவு 8 மணிக்குள் சொல்லுங்கள். இந்த நேரம் சரி என்றால் ‘சரி’ என்று எழுதுங்கள், உங்கள் பெயரில் குறித்துவிடுகிறேன்.”

இதைச் சேமித்து வைத்துவிட்டால் ஒவ்வொரு முறையும் தேதியையும் வேலையையும் மட்டும் மாற்றினால் போதும். கடைசி வாக்கியத்தை மட்டும் எந்தக் காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள். அந்த ‘சரி’தான் தாம்பூலம். இரண்டு நீலக் குறிகள் விழுந்தால் அவர் செய்தியைத் திறந்தார் என்று பொருள். ஒப்புக்கொண்டார் என்று பொருளில்லை. சாம்பல் நிறத்தில் இரண்டு குறிகள் என்றால் அவர் கைபேசிக்குப் போய்ச் சேர்ந்தது, அவ்வளவுதான். கும்பிடு படமும் பூப்படமும் மரியாதைக்காக வருபவை.

நம் மொழியில் மறுப்பைக்கூட இனிமையாகச் சொல்வது வழக்கம். அதனால் சில பதில்களின் உட்பொருளைப் பழகிக்கொள்ள வேண்டும். “பார்க்கலாம் அக்கா” என்பது அநேகமாக வரமாட்டேன் என்பதுதான். முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்ல மனம் வராததால் அப்படிச் சொல்கிறார்கள். “முடிந்தால் வருகிறேன்” என்றால் அந்த நேரத்தை வேறொருவருக்குக் கொடுக்கலாம். “வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்” என்பது மட்டும் இரண்டு பக்கமும் சாயக்கூடியது. மணப்பெண் பிளவுஸுக்கு உண்மையிலேயே அம்மாவையோ மாமியாரையோ கேட்க வேண்டியிருக்கும். அதற்குத் தங்கை இப்படி எழுதுகிறாள்: “கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். வெள்ளி 5 மணியை நாளை மதியம்வரை உங்களுக்காக வைத்திருக்கிறேன்.” கெடு இருக்கிறது, ஆனால் கெடுபிடி இல்லை. மதியம் ஆனதும் ஒரே ஒரு செய்தி அனுப்பி விசாரிக்கிறாள். அதற்கும் பதில் இல்லையென்றால் விட்டுவிடுகிறாள். மூன்றாவது முறை விரட்டினால் அவர் அடுத்த கல்யாணத்துக்கும் வரமாட்டார்.

நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரே ஒரு நோட்டு. அட்டை போட்ட டைரியானாலும் சரி, கைபேசியில் உள்ள கூகுள் காலண்டரானாலும் சரி, இரண்டும் வேண்டாம். காலண்டரில் நினைவூட்டலும், உதவியாளருடன் பகிர்ந்துகொள்ளும் வசதியும் இருப்பதால், வெளியே சுற்றும் வேலை செய்பவர்களுக்கு அது ஏற்றது. கடையிலேயே இருப்பவர்களுக்குக் காகிதம் போதும் என்பது என் எண்ணம். கடையில் யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கலாம். எதை வைத்துக்கொண்டாலும் ஒரு வரிசை மாறக்கூடாது: நோட்டைப் பார்த்துவிட்டுத்தான் நேரம் கொடுக்க வேண்டும், கொடுத்ததும் பென்சிலால் குறிக்க வேண்டும், ‘சரி’ வந்ததும் பேனாவால் அதன்மேல் எழுத வேண்டும். ஒரே நேரத்துக்கு இருவர் வந்து நிற்கும் சங்கடம், பதில் முதலில் போய் நோட்டு பிறகு வரும் கடைகளில்தான் நேர்கிறது. பென்சிலில் இருப்பது பேச்சு, பேனாவில் இருப்பது ஏற்பாடு. உதவிக்கு இருக்கும் இரண்டு பெண்களும் இதை ஒரே நாளில் புரிந்துகொண்டார்கள். வாட்ஸ்அப் லேபிள்களையும் அதற்கேற்ப மாற்றினோம்: ‘விசாரிப்பு’, ‘நேரம் கொடுத்தது’, ‘உறுதி’, ‘முடிந்தது’. மாலையில் ‘நேரம் கொடுத்தது’ என்ற லேபிளைத் தொட்டால் யாரிடமிருந்து பதில் வரவில்லை என்று வரிசையாகத் தெரிகிறது.

அச்சாரம் வாங்கலாமா? எல்லாத் தொழிலுக்கும் தேவையில்லை. சாதா பிளவுஸுக்கு முன்பணம் கேட்டால் பக்கத்துத் தெருக்காரர்கூட முகம் சுளிப்பார். ஆனால் முக்கால் மணி நேரத்தை ஒருவருக்காக ஒதுக்கி, பொருளும் வாங்கி வைக்கும் வேலைக்குக் கேட்பதில் தவறே இல்லை. யுபிஐ 2016இல் வந்த பிறகு இதில் இருந்த தயக்கம் பெரிதும் குறைந்துவிட்டது. நூறு ரூபாயானாலும் இருந்த இடத்திலிருந்தே அனுப்பிவிடுகிறார்கள். வாங்கும் முன்பே திருப்பித் தரும் விதியைச் சொல்லிவிடுங்கள். இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. பணம் அனுப்பியதாகக் காட்டும் படத்தை மட்டும் நம்பாதீர்கள். உங்கள் கணக்கில் வரவு விழுந்ததா என்று பாருங்கள். பணம் பெறுவதற்கு நீங்கள் ரகசிய எண்ணை அழுத்த வேண்டிய தேவை எப்போதும் இல்லை. அழுத்தச் சொல்பவர் உங்கள் பணத்தை எடுக்கப் பார்க்கிறார்.

உறுதியான பிறகும் நினைவூட்டல் வேண்டும். முந்தின நாள் மாலை ஒரு வரி போதும்: “நாளை வெள்ளி மாலை 5 மணிக்கு உங்களை எதிர்பார்க்கிறோம்.” அதனுடன் வழியையும் அனுப்பிவிடுங்கள். நங்கநல்லூரில் மெயின் ரோடுகளுக்கும் எண், தெருக்களுக்கும் எண். நான்காவது மெயின் ரோட்டைத் தேடுபவர் நான்காவது தெருவில் நின்று கூப்பிடுவார். வரைபடக் குறியை அனுப்பினாலும், ஆஞ்சநேயர் கோயிலிலிருந்து எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று ஒரு வரி எழுதினால்தான் ஆட்டோ ஓட்டுநருக்குப் புரிகிறது.

சென்னையில் மழைக்கென்று தனியாக ஒரு செய்தி எழுதி வைத்திருப்பது அவசியம். அக்டோபர் முதல் டிசம்பர்வரை வடகிழக்குப் பருவமழை. ஐப்பசி, கார்த்திகை முகூர்த்தங்களும் அதே காலத்தில்தான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரியிலும் பள்ளிக்கரணையிலும் வீட்டை விட்டு வெளியே வர முடியாமல் இருந்தவர்கள் எத்தனை பேர்! அப்படிப்பட்ட நாளில் வாடிக்கையாளர் தயங்கித் தயங்கிக் கேட்பதற்கு முன்பே நாம் எழுதிவிட வேண்டும்: “மழையில் சிரமப்பட வேண்டாம். உங்கள் முன்பணம் அப்படியே இருக்கிறது. திங்கள் காலை 11, செவ்வாய் மாலை 5 இரண்டில் எது வசதி?” ரத்து செய்வதோடு நிறுத்தாமல் அதே செய்தியில் புது நேரம் கொடுத்திருப்பதைக் கவனியுங்கள். வெறுமனே ‘பிறகு பார்க்கலாம்’ என்று விட்டால் அந்த அப்பாயின்ட்மென்ட் மறுபடி விசாரிப்பாகிவிடும்.

வாடிக்கையாளர் வீட்டுக்குப் போகும் தொழில்களுக்கு, உதாரணமாக ஏசி மெக்கானிக், மெஹந்தி போடுபவர், வீட்டில் வந்து பாட்டுச் சொல்லித்தருபவர் ஆகியோருக்கு, ஒரே ஒரு மாற்றம் போதும். நிமிடத்தைக் குறிக்காமல் இடைவெளியைக் குறியுங்கள்: “காலை 10க்கும் 12க்கும் நடுவில், கிளம்பும்போது கூப்பிடுகிறேன்.” போக்குவரத்து நெரிசலை நம்மால் கணிக்க முடியாது, கிளம்பும்போது கூப்பிட முடியும். எத்தனையாவது மாடி, லிப்ட் இருக்கிறதா, வண்டி நிறுத்த இடம் உண்டா என்பதையும் உறுதிச் செய்தியிலேயே கேட்டுவிடுங்கள்.

தானாகவே பதில் சொல்லி நேரமும் குறித்துக்கொள்ளும் கட்டண மென்பொருள்கள் பற்றி அடிக்கடி விளம்பரங்கள் வருகின்றன. அவை பயன்படுத்தும் வாட்ஸ்அப் முறை வேறு; அதில் வாடிக்கையாளர் கடைசியாக எழுதியதிலிருந்து 24 மணி நேரம்வரைதான் நாம் நினைத்ததை எழுத முடியும், அதற்குப் பிறகு முன்கூட்டியே அனுமதி பெற்ற வடிவச் செய்திகள் மட்டுமே போகும். நாளுக்கு நூற்றுக்கணக்கில் செய்தி வரும் மருத்துவமனைக்கும் பெரிய அழகு நிலையத்துக்கும் அது பொருந்தும். பத்து, இருபது செய்தி வரும் கடைக்கு இப்போதே அதில் பணம் போட வேண்டாம் என்றே சொல்வேன்.

வாடிக்கையாளரின் உடல் அளவு, கல்யாணத் தேதி, வீட்டு முகவரி, புகைப்படம் எல்லாம் நம் கைபேசியில் சேர்கின்றன. இவை நம்மை நம்பிக் கொடுக்கப்பட்டவை. தனிநபர் தரவுகளைக் காக்க 2023இல் நாட்டில் சட்டமே வந்துவிட்டது. மணப்பெண்ணின் படத்தை இன்ஸ்டாகிராமில் போடுவதற்கு முன் கேட்டுவிடுங்கள். பாராட்டி எழுதிய செய்தியைப் படம் பிடித்துப் போட்டாலும் பெயரையும் எண்ணையும் மறைத்துவிடுங்கள். ஒருமுறை விசாரித்தவர் என்பதற்காகத் தினமும் சலுகைச் செய்தி அனுப்பினால், நம் எண்ணையே முடக்கிவிடுவார்கள். பிறகு நினைவூட்டல்கூடப் போய்ச் சேராது.

குரோம்பேட்டைப் பெண்ணுக்கு அந்த ஞாயிறு இரவே தங்கை எழுதினாள். நான் பக்கத்தில் இருந்தேன். “நீங்கள் வந்தபோது கடை மூடியிருந்தது என் தவறு. நேரம் கேட்டுக் குறித்துக்கொள்ளாமல் விட்டுவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள். வியாழன் மாலை 6 மணி, அல்லது சனி பகல் 12 மணி, எது உங்களுக்கு வசதி? அந்த நேரம் உங்களுக்கு மட்டும்.” மறுநாள் காலைவரை பதில் இல்லை. பிறகு “சனி” என்று ஒரே சொல் வந்தது. தங்கை உறுதிச் செய்தியை அனுப்பினாள். “சரி அக்கா” என்று வந்தது. அதன் பிறகே நோட்டில் பென்சில் எழுத்தின் மேல் பேனா ஓடியது.

சனிக்கிழமை விடிந்ததிலிருந்து தூறல். ஒன்பது மணிக்குத் தங்கை எழுதினாள்: “மழையாக இருக்கிறதே, திங்கள் காலை 11 மணிக்கு மாற்றிக்கொள்ளலாமா?” ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது: “வேண்டாம் அக்கா, குடை இருக்கிறது. பகல் 12 மணிக்கு வந்துவிடுவேன்.”